ஊர் நிலத்துக்கு வரும் அரசு மானியம் யார் கைக்குப் போகிறது? சென்னையில் இருந்தே தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

சென்னையில் வேலை, ஊரில் நிலம். இப்படி வாழ்பவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். அம்பத்தூர் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு வந்தவாசிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கும். சோழிங்கநல்லூரில் ஐடி வேலையில் இருப்பவருக்குச் செய்யாறு தாலுகாவில் தாத்தா பெயரிலேயே ஒரு கூட்டுப் பட்டா இருக்கும். பயிர் வைப்பது பெரியப்பாவாகவோ, ஊரில் ஒரு குத்தகைக்காரராகவோ இருப்பார். பொங்கலுக்குப் போனால் திண்ணையில் பேச்சு வரும்: "கவர்மெண்ட் அவ்வளவு மானியம் தருதாம், நம்ம பக்கம் யாருக்குத்தான் போகுது?" சென்னைக்கு பஸ் ஏறியதும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த நிலத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பவருக்கும், தன் கிராமத்திலோ மாவட்டத்திலோ யார் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க விரும்பும் மாணவர், தன்னார்வலருக்கும் வழி ஒன்றுதான். எடுத்துக்காட்டுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தை வைத்துக்கொள்கிறேன். மற்ற மாவட்டங்களிலும் அலுவலக அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

முதல் வேலை: பணம் எந்தக் காகிதத்தைப் பார்த்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

"விவசாய மானியம்" என்று ஒரே பை கிடையாது. ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு காகிதத்தைக் கேட்கும். அந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறதோ, பணம் அவரிடம் போகும். நிலத்தில் இறங்கி வேலை செய்பவர் யார் என்று பெரும்பாலான திட்டங்கள் கேட்பதே இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பட்டாவைப் பார்த்து வருவது பிஎம் கிசான். 2018 டிசம்பரில் இருந்து கணக்கிட்டுத் தரப்படும் மத்திய அரசுத் திட்டம் இது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000 வீதம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராக வரும். தொடக்கத்தில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை, 2019-இல் நிலமுள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரித்தார்கள். குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்களுக்குத்தான். அதற்குப் பின் விலைக்கு வாங்கியவருக்குக் கிடையாது, வாரிசாக வந்தவருக்கு உண்டு.

சென்னைவாசிகள் கவனிக்க வேண்டியது விலக்குப் பட்டியலை. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், அரசு வேலையில் இருப்பவர், அதிலிருந்து ஓய்வு பெற்றவர் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர், பொறியாளர் ஆகியோருக்கு நிலம் இருந்தாலும் தகுதியில்லை. வரி கட்டும் ஐடி ஊழியர் பெயரில் பட்டா, உழுவது குத்தகைக்காரர் என்றால் அந்த நிலத்துக்குப் பிஎம் கிசான் யாருக்குமே வராது. உரிமையாளருக்குத் தகுதி இல்லை, உழுபவருக்குப் பட்டா இல்லை. கோயில் நிலத்தில் தலைமுறையாகப் பயிர் வைப்பவர்களும், புறம்போக்கில் பி-மெமோ (அரசு நிலத்தைப் பயன்படுத்துவதற்கான அபராதம்) கட்டிக்கொண்டு பயிர் செய்பவர்களும் இதே நிலையில்தான் நிற்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது.

கிணற்றைப் பார்த்து வருவது இலவச மின்சாரம். 1984-இல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் என்றானது. இந்தப் பணம் யார் கைக்கும் நேராக வராது. அரசு மின்வாரியத்துக்குக் கட்டிவிடும். அதனால்தான் மானியம் பற்றிய பேச்சில் இது கணக்கிலேயே சேர்வதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஆழமான போர்வெல், பெரிய மோட்டார் வைத்திருப்பவர் அதிக யூனிட் எடுக்கிறார், அதிக மானியமும் அவருக்கே. அதே ஊரில் மானாவாரியில் மணிலா (நிலக்கடலை) போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பவருக்கு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. மாவட்டத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டுமானால், பட்டியலில் பெயர் இல்லாத இந்த மானியத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உர மூட்டையில் வருவது இன்னொரு வகை. 45 கிலோ யூரியா மூட்டை கடையில் 266 ரூபாய் 50 காசு. உண்மையான அடக்கம் அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குத் தருகிறது. கடையில் விரல்ரேகை வைத்து மூட்டை விற்பனை பதிவான பிறகுதான் நிறுவனத்துக்குப் பணம். இதற்குப் பட்டா கேட்பதில்லை, ஆதார் போதும். ஆகவே குத்தகைக்காரரையும் முழுசாக எட்டும் மானியம் என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கிறது.

கருவி, சொட்டுநீர், பம்புசெட் போன்றவை நீங்கள் முதலில் விண்ணப்பித்து வாங்குபவை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். இரண்டரை ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி. இதற்கான சான்றைத் தாசில்தார் தருவார், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். டிராக்டர், பவர் டில்லர் போன்றவற்றுக்குப் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் (எல்லாவற்றுக்கும் உச்சவரம்புத் தொகை உண்டு). மீதிப் பாதியைக் கையில் வைத்திருப்பவர்தானே வாங்க முடியும்? பயனாளிப் பட்டியலில் ஊரின் வசதியான வீட்டுப் பெயர்கள் வந்தால் உடனே முறைகேடு என்று சொல்லிவிடாதீர்கள். திட்டத்தின் அமைப்பே அப்படி. முதல் போட முடியாதவர்களுக்கு வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் மற்ற இயந்திரங்களையும் மணிக்கணக்கில் குறைந்த வாடகைக்கு விடுகிறது. இது பல ஊர்களில் தெரியவே தெரியாது.

விளைச்சலைப் பார்த்து வருபவை பயிர்க் காப்பீடும் நெல் கொள்முதலும். காப்பீட்டில் காரிஃப் (மழைக்காலப் பருவம்) பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (அடுத்து வரும் குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், தோட்டக்கலை மற்றும் பணப்பயிருக்கு 5 சதவீதம் வரை மட்டும் விவசாயி பிரீமியம் கட்டுவார், மீதியை அரசுகள் ஏற்கும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மத்திய அரசின் ஆதார விலைக்கு மேல் மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்துத் தருகிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டால் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். இரண்டுக்கும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவு, முக்கியம். அடங்கலில் பயிர் செய்பவராகப் பெயர் வந்துவிட்டால் குத்தகைக்காரரும் பெறலாம். இதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சிறு, குறு விவசாயிகளோடு நிலமே இல்லாத கூலி விவசாயிகளுக்கும் என்று இருப்பது முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். உறுப்பினர் அட்டை இருந்தால் பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், விபத்து நிவாரணம் எல்லாம் உண்டு. ஊரில் நாற்று நடும் பெண்களிடம் "அட்டை இருக்காம்மா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் விஏஓவிடம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து: உங்கள் காகிதத்தை வீட்டில் உட்கார்ந்தே பாருங்கள்

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்தால் பட்டா கண்முன் வரும். அதில் பரப்பு "0 - 81.00" என்று இருக்கும். முதலில் இருப்பது ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர், ஆகவே இது இரண்டு ஏக்கர். "எங்களுக்கு மூணு ஏக்கர்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், பட்டாவில் இரண்டுதான் இருக்கும். மானியத்துக்குப் பட்டாதான் கணக்கு. நன்செய், புன்செய் எது என்பதும், தீர்வையும் (நிலவரி) அதிலேயே இருக்கும்.

பெயரைப் பாருங்கள். காலமான தாத்தா பெயரிலோ, சித்தப்பா பெரியப்பா எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், அங்கேயே பல மானியங்கள் நின்றுவிடும். வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தை இப்போது சென்னையில் இருந்தே ஆன்லைனில் போடலாம். ஆனால் சர்வேயர் அளக்க வரும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் நிலத்தில் நிற்க வேண்டும். சொத்து பிரிக்கும்போது அக்கா தங்கைகளின் பங்கை விட்டுவிடாதீர்கள். சட்டப்படி அவர்களுக்குச் சமபங்கு உண்டு, பெண் பெயரில் பட்டா இருந்தால் கருவி மானியமும் கூடுதலாகவே கிடைக்கும்.

அப்புறம் விவசாயி தனித்துவ அடையாள எண். 2025 முதல் தமிழ்நாட்டில் பொதுச் சேவை மையங்களிலும் முகாம்களிலும் பதிந்து தருகிறார்கள். பட்டா விவரமும் ஆதாரும் இதில் இணையும். திட்டங்கள் ஒவ்வொன்றாக இந்த எண்ணைக் கேட்கத் தொடங்கிவிட்டதால், தள்ளிப்போடாமல் முடித்துவிடுவது நல்லது.

இனி பட்டியலைப் பார்க்கலாம்

பிஎம் கிசான் இணையதளத்தில் "பெனிஃபிஷியரி லிஸ்ட்" என்ற பகுதியைத் திறந்து மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் எனத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர்ப் பயனாளிகளின் பெயர்கள் வரும். உள்நுழைவு எதுவும் வேண்டாம். தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு மானியம் என்று தமிழிலேயே பார்க்கலாம், முன்பதிவும் செய்யலாம். மாநில அளவில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதற்கு, வேளாண்மை-உழவர் நலத்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். அரசு இணையதளத்தில் தமிழில் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் இருந்து வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட்டும் வருகிறது.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர் ஒருவரோடு உட்காருங்கள். இறந்தவர் பெயர், ஊரைவிட்டுப் போனவர் பெயர், நிலமே இல்லாதவர் பெயர் தென்படலாம். தகுதியுள்ள ஒருவர் விடுபட்டிருக்கலாம். விடுபட்டவருக்குப் பெரும்பாலும் இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளை உறுதிசெய்வது) முடிக்காததோ, ஆதாரிலும் பட்டாவிலும் பெயர் வேறுபடுவதோதான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்ய வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் போதும். தவறாக இருப்பதுபோலத் தெரியும் பெயர்களை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு அசிங்கப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2020-இல் கொரோனா ஊரடங்கு நேரத்தில், விவசாயி தானே பதிந்துகொள்ளும் வசதியைப் பயன்படுத்தி, நிலமில்லாத லட்சக்கணக்கானோர் தமிழ்நாட்டில் பிஎம் கிசானில் சேர்க்கப்பட்டார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் இது வெளிவந்து, சிபிசிஐடி விசாரித்தது, வங்கிக் கணக்குகளில் இருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர், கொரோனா நிவாரணம் என்று நம்பி இடைத்தரகரிடம் ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் கொடுத்த ஏழைகள். பட்டியலில் ஒரு பெயர் இருப்பதால் மட்டும் அவர் ஏமாற்றினார் என்று ஆகிவிடாது. அதே காரணத்தால், மானியம் வாங்கித் தருகிறேன் என்று வரும் யாரிடமும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஓடிபி சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இல்லாததற்குத் தகவல் உரிமை மனு

கருவி, சொட்டுநீர், பசுமைக்குடில் போன்றவற்றின் கிராமவாரிப் பட்டியலை முழுதாக இணையத்தில் பார்ப்பது கடினம். இங்கேதான் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உதவும். அந்தச் சட்டத்தின் பிரிவு 4(1)(பி)-யில் 12-ஆவது உட்கூறு, மானியத் திட்டங்கள் எப்படி நடத்தப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்ற விவரங்களை அலுவலகங்கள் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு எழுதத்தான் முதலில் நினைப்பார்கள். வேண்டாம். அவர்கள் அதை மாவட்டத்துக்கு அனுப்பி, மாவட்டம் வட்டாரத்துக்கு அனுப்பி, நாள் போகும். பயிர்த் திட்டங்களுக்கு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம், சொட்டுநீர் போன்றவற்றுக்குத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், டிராக்டர், சோலார் பம்புசெட்டுக்கு வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகம். இவற்றின் பொதுத் தகவல் அலுவலருக்கு நேராக எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் போதும். ஆன்லைனிலும் வசதி உண்டு.

கேள்வி இப்படி இருக்கட்டும்: "2024-25 நிதியாண்டில் வந்தவாசி வட்டாரத்தில் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் கீழ் மானியம் பெற்ற பயனாளிகளின் பெயர், கிராமம், கருவி, மானியத் தொகை, விவசாயி வகை (குறு, சிறு, பெரு) ஆகிய விவரங்களின் நகல் வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண்ணை மறைத்துத் தரலாம்." ஒரு திட்டம், ஓர் ஆண்டு, ஒரு வட்டாரம். அதற்கு மேல் ஒரே மனுவில் திணிக்காதீர்கள். "ஏன் எங்கள் ஊருக்குத் தரவில்லை?" என்று காரணம் கேட்டால் பதில் வராது. காத்திருப்போர் பட்டியலின் நகலைக் கேளுங்கள், காரணம் அதிலேயே தெரியும். விவசாயி வகையைக் கேட்கச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நில உடைமைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு உடைமைகள்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. உங்களுக்கு வரும் பட்டியலிலும் அந்த விகிதம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் மாவட்டத்தின் கதை புரிந்துவிடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, தனிப்பட்ட தகவல் என்று மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த மறுப்பு கூடியிருக்கக்கூடும். 12-ஆவது உட்கூறு இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அது சென்னையிலேயே இருப்பது உங்களுக்கு வசதி.

கிராம சபையும் குறைதீர் நாளும்

ஆண்டில் ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு அரசு விடுமுறை நாட்கள் என்பதால் சென்னையில் வேலை பார்ப்பவர் லீவு போடாமலே போகலாம். வேளாண்மைத் துறைப் பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதம்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் நடக்கும். எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே கூடத்தில் இருப்பதால், வட்டாரத்தில் நகராத காரியம் அங்கே நகரும். ஊரில் இருக்கும் பெரியப்பாவையோ குத்தகைக்காரரையோ எழுத்து மனுவோடு அனுப்பிவையுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் உங்களிடம்தான் நான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். உங்கள் வயலில் உழுபவருக்கு மானியம் போவதும் போகாததும் பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் வாய்மொழிக் குத்தகைதான் வைக்கிறோம். சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்பது உண்மை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கவும் வழி உண்டு. அதைச் செய்வதே நேர்மையான வழி என்பது என் கருத்து. குடும்பத்தில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், அந்தப் பருவத்துக்குப் பயிர் செய்பவர் இவர்தான் என்று விஏஓவிடம் சொல்லி அடங்கல் வாங்கிக் கொடுப்பதையாவது செய்யுங்கள். அந்த ஒரு காகிதம் இருந்தால் அவர் பயிர்க் காப்பீடு செய்யலாம், தன் பெயரிலேயே கொள்முதல் நிலையத்தில் நெல் போடலாம், வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணமும் கேட்கலாம். இல்லாவிட்டால் அவர் இழந்த பயிருக்கான பணம் உங்கள் கணக்குக்கு வரும். அப்படி வந்திருந்தால் அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் வரி கட்டுபவராக இருந்தும் பிஎம் கிசான் பணம் வந்துகொண்டிருந்தால், அதே இணையதளத்தில் தாமாக விலகிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பின்னால் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

சம்பா நெல்லுக்குக் காப்பீட்டின் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அந்த வாரம் பொதுச் சேவை மையத்திலும் விஏஓ அலுவலகத்திலும் கூட்டம் நெரியும், சர்வர் படுத்துவிடும். ஆகவே அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகும்போதே குத்தகைக்காரரையும் அழைத்துக்கொண்டு விஏஓவைப் பாருங்கள். அவருடைய ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், உங்கள் பட்டா நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.